காந்த நாடா முதல் மேகக் கிடங்கு வரை: தரவுச் சிதைவும் காப்பு நகல் முறைகளும்

ஆய்வுச்சுருக்கம்

கணினித் தரவைக் காக்கும் முறைகளின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எது பழுதாகும் என அவ்வக்காலத்தவர் கருதினர் என்னும் கோணத்திலிருந்து இக்கட்டுரை அவ்வரலாற்றை அணுகுகிறது. ஒரு முறை எந்தப் பழுதை எதிர்நோக்கி உருவாக்கப்பட்டதோ, அதற்கு அப்பாற்பட்ட பழுதுகளுக்கு அது காப்பாவதில்லை என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும். தமிழ் மின்கோப்புகளுக்கே உரிய குறியாக்கச் சிக்கலும் இதன் ஒரு கூறாக ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காப்பு நகல், வன்தட்டு, காந்த நாடா, ரெய்டு, குறியாக்கம், ஒருங்குறி, சுவடிப் பாதுகாப்பு

முன்னுரை

களஆய்வில் பதிவு செய்த ஒலிக்கோப்புகள், சுவடிகளின் ஒளிப்படங்கள், ஆய்வேட்டின் வரைவுகள் ஆகியன இன்று பெரும்பாலும் ஒரு மடிக்கணினியிலேயே தங்கியுள்ளன. ஐந்தாண்டு உழைப்பு ஒரு வன்தட்டை நம்பி நிற்கும் இந்நிலையில், ‘எதில் நகலெடுத்து வைக்கலாம்’ என்பதே பலரும் எழுப்பும் வினா. ‘எந்த இழப்புக்கு எதிராக நகல் வேண்டும்’ என்பது அதற்கு முன்னதாக எழ வேண்டிய வினா. கணினி வரலாற்றில் இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு விடை கிடைத்துள்ளது.

நாடாக் காலமும் இயல்பான காப்பும்

1951இல் வெளிவந்த யூனிவாக் கணினி உலோகத்தாலான காந்த நாடாவைப் பயன்படுத்தியது. மறு ஆண்டே ஐபிஎம் தன் நாடாக் கருவியை அறிமுகப்படுத்தியது. நாடாவில் தரவைத் திருத்தும் முறை இங்குக் கருதத்தக்கது. ஒரு நிறுவனத்தின் ஊதியக் கணக்கைப் புதுப்பிக்க வேண்டுமெனில், பழைய முதன்மை நாடாவும் அன்றைய மாற்றங்கள் கொண்ட நாடாவும் ஒருசேரப் படிக்கப்பட்டு, மூன்றாவதாக ஒரு புதிய முதன்மை நாடா எழுதப்படும். பழைய நாடா அழிவதில்லை. புதியது கெட்டால், பழையதையும் மாற்ற நாடாவையும் கொண்டு அதனை மீண்டும் உருவாக்கலாம். மூன்று தலைமுறை நாடாக்களை வைத்திருக்கும் வழக்கம் இதிலிருந்தே உருவாகி, பாட்டன்-தந்தை-மகன் முறை எனப் பெயர் பெற்றது. காப்பு நகல் என்பது அன்று தனியொரு வேலையாக இருக்கவில்லை. வேலை நடந்த விதத்திலேயே அது அடங்கியிருந்தது.

ஏட்டுச்சுவடி மரபை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஓலை செல்லரிக்கும், முறியும். புதிய ஏட்டில் படியெடுத்தலே நூலைக் காத்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. படியெடுப்பவரின் பிழை அடுத்த படிக்குக் கடத்தப்பட்டது. பல படிகளை ஒப்பிட்டே பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளைக் கண்டனர். கணினியில் அவ்வொப்பீட்டைச் சரிபார்ப்புத் தொகை என்னும் எண் செய்கிறது. மூலக்கோப்பிலிருந்தும் நகலிலிருந்தும் தனித்தனியே கணிக்கப்பட்ட தொகைகள் வேறுபட்டால் இரண்டும் ஒன்றல்ல என அறியலாம். எது மூலபாடம் என்பதை மட்டும் அது சொல்லாது.

வன்தட்டு கொணர்ந்த மாற்றம்

1956இல் ஐபிஎம் அறிவித்த ராமாக் கணினியின் தட்டுச் சேமிப்பகம் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டது. அதன் கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். நாடாவை முதலிலிருந்து உருட்டாமல் வேண்டிய இடத்தை நேரே அடையலாம் என்பது அதன் சிறப்பு. எனினும் திருத்தம் இப்போது பழைய பதிவின் மீதே எழுதப்பட்டது. முந்தைய தலைமுறை அக்கணமே அழிந்தது. வேகம் கிடைத்தது, நாடா கொடுத்து வந்த இயல்பான காப்பு போயிற்று. காப்பு நகல் எடுத்தல் தனியொரு கடமையாகியது இதன் பின்னரே. தனிக்கடமை என்றானதும் அது ஒத்திப்போடவும் மறக்கவும் இடமளித்தது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

தட்டின் பழுது முதலில் இயந்திரப் பழுதாகவே காணப்பட்டது. சுழலும் தட்டின் மேல் மிக நுண்ணிய இடைவெளியில் மிதக்கும் படிப்புத்தலை, தூசியாலோ அதிர்வாலோ தட்டில் மோதினால் காந்தப்பூச்சு சுரண்டப்படும். 1973இல் வெளிவந்த வின்செஸ்டர் வகைத் தட்டு, தலையையும் தட்டையும் ஒரே மூடிய உறையுள் வைத்துத் தூசியை விலக்க முயன்றது. இன்றைய வன்தட்டுகள் அதன் வழிவந்தவை. மின்சுற்றுப் பலகை மட்டும் எரிந்த தட்டில் தரவு பெரும்பாலும் அழிவதில்லை. முன்னர் அதே மாதிரித் தட்டின் பலகையை மாற்றிப் பொருத்தியே பலர் தரவை மீட்டனர். அவ்வத் தட்டுக்கே உரிய அளவீடுகள் பலகையிலுள்ள சில்லில் பதியப்படுவதால் இன்று அவ்வெளிய வழி பெரும்பாலும் பயன்படுவதில்லை.

1988இல் பெர்க்கிலியில் பேட்டர்சன், கிப்சன், காட்சு ஆகிய மூவரும் ரெய்டு என்னும் அமைப்பை முன்வைத்தனர். மலிவான சிறு தட்டுகள் பலவற்றை இணைத்தால் வேகம் கூடும். தட்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட, அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். எனவே ஒரு தட்டு இழந்தாலும் எஞ்சியவற்றிலிருந்து அதன் தரவைக் கணித்துப் பெறும் வகையில் மிகைத்தரவு சேர்க்கப்பட்டது. இதன் நோக்கம் பணி தடைபடாமை. ஒரு கோப்பைத் தவறாக அழித்தால் அவ்வழிப்பு எல்லாத் தட்டுகளிலும் உடனே நிறைவேறும். ரெய்டைக் காப்பு நகலாகக் கொள்ளும் வழக்கம் நம் கல்வி நிறுவனங்களில் இன்னும் காணப்படுவது வருந்தத்தக்கது.

தட்டுகள் உண்மையில் எவ்வளவு காலம் உழைக்கின்றன என்பதற்குப் பெருந்தொகையான சான்று 2007இல்தான் கிடைத்தது. ஒரே மாநாட்டில் இரு ஆய்வுகள் வெளியாயின. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் சுரோடரும் கிப்சனும் சுமார் 1,00,000 தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். உற்பத்தியாளர்கள் தட்டின் சராசரிப் பழுதுக்காலம் 10 முதல் 15 இலட்சம் மணி நேரம் எனக் குறித்திருந்தனர். 10 இலட்சம் மணி என்பது 114 ஆண்டுகளுக்கும் மேல். எத்தட்டும் அவ்வளவு காலம் சோதிக்கப்பட்டதில்லை. அக்கணக்கின்படி ஆண்டுப் பழுது 0.88 விழுக்காட்டைத் தாண்டலாகாது. களத்திலோ ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு வரையிலான தட்டுகள் மாற்றப்படுதல் பரவலாக இருந்தது. சில இடங்களில் அது 13 விழுக்காட்டை எட்டியது. மாற்றப்பட்ட தட்டு அனைத்தும் பழுதானவை அல்ல என்னும் மறுப்பை இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும். ஆனால் தரவுக்குரியவர் நோக்கில் அவ்வேறுபாடு சிறிதே.

கூகுள் ஆய்வாளர்களின் கட்டுரை இன்னும் கூர்மையானது. தட்டு தன் நலத்தைத் தானே கண்காணித்து எச்சரிக்கும் ஏற்பாடு 1990களிலேயே வந்திருந்தது. ஆனால் பழுதான தட்டுகளுள் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, வலுவான நான்கு எச்சரிக்கைக் குறிகளுள் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. கிறீச்சிடும் ஒலி எழுந்தபின் நகலெடுத்துக் கொள்ளலாம் எனக் காத்திருப்போர்க்கு இதனினும் தெளிவான மறுப்பு தேவையில்லை.

கருவி பிழைத்தும் தரவு அழிதல்

1998இல் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படத்தின் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் அழிந்தன. தட்டில் பழுது ஏதுமில்லை. காப்பு நாடாக்களை நாடியபோது அவை முறையாகப் பதிவாகியிருக்கவில்லை எனத் தெரிந்தது. மகப்பேற்றுக்குப் பின் வீட்டிலிருந்து பணியாற்றிய காலின் சசுமனின் வீட்டுக் கணினியிலிருந்த நகலே படத்தைக் காத்தது. மீட்டுப் பார்த்துச் சோதிக்கப்படாத நகலை நகலாகக் கணக்கிடலாகாது என்பதற்கு இந்நிகழ்வு இன்றும் சான்றாகக் காட்டப்படுகிறது.

2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில் நேர்ந்தது ஆய்வுலகுக்கு இன்னும் அணுக்கமானது. பழைய பதிவேட்டுக் கோப்புகளை நீக்க வேண்டிய காப்பு நகல் நிரல், அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே திருத்தி எழுதப்பட்டதால், ஆய்வுக்கோப்புகளை நீக்கிவிட்டது. 14 ஆய்வுக் குழுக்களின் 77 டெராபைட் தரவு அழிந்தது. அவற்றுள் 4 குழுக்களின் தரவு மீட்க இயலாததாயிற்று. காக்க வந்த நிரலே அழித்தது. மேகக் கிடங்கில் தானே ஒத்திசையும் கோப்புறைக்கும் இக்குறை உண்டு: மடிக்கணினியில் நீக்கியது அங்கும் நீங்கும். முந்தைய வடிவங்களைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்கும் சேவையையே காப்பு எனலாம். அது நாடாக் காலத்துத் தலைமுறை முறையின் மறுவருகையே.

இடத்தின் அழிவு

1981 சூன் 1இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே கட்டடத்தில் எத்தனை படிகள் இருந்திருப்பினும் பயனில்லை. 2005இல் தோன்றிய நூலகம் மின்னூலகத்தை இவ்விழப்பின் நினைவிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களின் தொகுப்பு 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டுச் சென்னையில் நுண்படமாக்கப்பட்டது. நுண்படத்தைத் தேர்ந்தது பழமைப்பற்று அன்று. அதனைப் படிக்க ஒளியும் வில்லையும் போதும். 2021 மார்ச் 10இல் பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் ஒரு தரவு மையம் எரிந்தபோது, மூலத்தையும் நகலையும் அவ்வளாகத்திலேயே வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என ஒளிப்படக் கலைஞர் பீட்டர் கிரோ பரப்பிய 3-2-1 விதியின் இறுதிக்கூறு இத்தகைய அழிவையே நோக்கியது.

படிக்க இயலாமை

1986இல் பிபிசி, 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏட்டினது 900ஆம் ஆண்டை ஒட்டி லேசர் தட்டுகளில் ஒரு சமூக ஆவணத்தைத் தொகுத்தது. ஏறத்தாழ 15 ஆண்டுகளில் அதனைப் படிக்கும் கருவிகள் அரிதாகி, அக்கருவியைப் போல் இயங்கும் மென்பொருளை ஆய்வாளர்கள் தனியே உருவாக்க வேண்டியதாயிற்று. தோலில் எழுதிய மூல ஏடு இன்றும் படிக்கத்தக்கதாகவே உள்ளது.

தமிழில் இச்சிக்கல் எழுத்திலேயே உள்ளது. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தும், தமிழக அரசு அதனை ஏற்ற 2010 வரையிலும் அதன் பின்னரும் பாமினி, திஸ்கி, டாப், டாம் எனப் பல குறியாக்கங்களில் ஆய்வேடுகள் தட்டச்சாயின. மதுரைத் திட்டமும் தொடக்கத்தில் திஸ்கியில் வெளியிட்ட மின்னூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. பாமினியில் அடித்த கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உரோமன் எழுத்துகளே தோன்றும். தட்டு நலமாக இருக்கும், சரிபார்ப்புத் தொகையும் பொருந்தும். உரை மட்டும் இராது. பெயர் பெற்ற குறியாக்கங்களுக்கு மாற்றிகள் உள்ளன. தட்டச்சகங்கள் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்ட எழுத்துருக்களுக்கு அத்தகைய அட்டவணை இல்லை; அவற்றில் அமைந்த ஆய்வேட்டை மீட்க, அச்சுப்படியை அருகில் வைத்து ஒவ்வொரு குறியையும் கையால் இணை காண வேண்டியுள்ளது. ஆதலால் பழைய கோப்பை நகலெடுக்கும்போது எழுத்துருக் கோப்பையும், ஒருங்குறிக்கு மாற்றிய படியையும், அச்சுப்படியின் ஒளிவருடலையும் உடன் வைத்தல் வேண்டும். அந்த எழுத்துரு எது எனச் சொல்லக்கூடிய தட்டச்சாளர்கள் இன்னும் தொழிலில் இருக்கும் காலத்திலேயே இது செய்யத்தக்கது.