150க்கும் குறைவு: மலாயாப் புலியைக் காக்கும் முயற்சிகள்

மலேசியாவின் தேசியச் சின்னத்தில் கேடயத்தின் இருபுறமும் இரண்டு புலிகள் நிற்கின்றன. நாட்டின் காற்பந்துக் குழுவை ரசிகர்கள் ‘ஹரிமாவ் மலாயா’ என்றே அழைக்கின்றனர். ஆனால், காட்டில் உயிரோடு எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. 2016 முதல் 2020 வரை நடத்தப்பட்ட முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பில் தெரியவந்த உண்மை இது.

1950களில் ஏறக்குறைய 3,000 புலிகள் இருந்ததாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. 2008இல் தேசியப் புலிப் பாதுகாப்புச் செயல்திட்டம் வரையப்பட்டபோது அந்த எண் 500 எனக் கருதப்பட்டது. அதை 2020க்குள் 1,000 ஆக்குவதே திட்டத்தின் இலக்கு. நடந்ததோ நேர்மாறு. 2014இல் மதிப்பீடு 250 முதல் 340 வரை எனச் சுருங்கியது. மறு ஆண்டே அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், அழிவின் விளிம்பில் உள்ள விலங்குகளின் பட்டியலில் மலாயாப் புலியைச் சேர்த்தது.

எங்கே வாழ்கிறது?

மலாயாப் புலி தீபகற்ப மலேசியக் காடுகளுக்கே உரியது. சபா, சரவாக்கில் புலி இல்லை. முன்பு இந்தோசீனப் புலியோடு சேர்த்து எண்ணப்பட்ட இதனை, மரபணு ஆய்வின் அடிப்படையில் 2004இல் தனி வகையாகப் பிரித்தனர். வங்கப் புலியைவிட உடல் சிறியது. வளர்ந்த ஆண் புலி சுமார் 120 கிலோ எடை இருக்கும்.

தாமான் நெகாரா, பேராக்கின் பெலும்–தெமெங்கோர், ஜொகூர்–பகாங் எல்லையில் உள்ள எண்டாவ்–ரொம்பின் ஆகிய மூன்று காட்டுப் பகுதிகளே இதன் முக்கியப் புகலிடங்கள்.

ஏன் குறைந்தது?

முதல் காரணம் கம்பிக் கண்ணி. கள்ள வேட்டைக்காரர்கள் காட்டுத் தடங்களில் இரும்புக் கம்பியால் சுருக்கு வைக்கின்றனர். அதில் சிக்கிய விலங்கு இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். தப்பிக்கும் புலியும் கால் இழந்து, வேட்டையாட முடியாமல் பட்டினியால் சாகும். புலித்தோல், எலும்பு, பல், நகம் ஆகியவற்றுக்கு வெளிநாட்டுக் கள்ளச் சந்தையில் கிடைக்கும் விலையே இதற்குத் தூண்டுகோல்.

இரண்டாவது காரணம் இரை இல்லாமை. புலியின் முக்கிய உணவான மிளா மான் பெருமளவு வேட்டையாடப்பட்டுவிட்டது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியதில் காட்டுப்பன்றிகளும் மடிந்தன.

மூன்றாவது காரணம் காடு துண்டுபட்டது. ரப்பர், செம்பனைத் தோட்டங்கள், மரம் வெட்டுதல், அணைகள், நெடுஞ்சாலைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டைப் பிரித்தன. சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி இறக்கும் புலிகளும் உண்டு.

நோயும் சேர்ந்துகொண்டது. 2019இல் திரெங்கானு, டுங்கூன் வட்டாரக் கிராமத்தில் பகலிலேயே சுற்றித் திரிந்த ஒரு புலியை அதிகாரிகள் பிடித்தனர். ‘அவாங் பெசுல்’ என்று பெயரிடப்பட்ட அந்தப் புலி சில நாள்களிலேயே இறந்தது. நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர் என்ற நச்சுயிரி நோயே அதன் உயிரைப் பறித்தது.

காக்கும் பணி

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் புலி முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, உச்சபட்ச அபராதம் 10 லட்சம் ரிங்கிட்டாகவும் சிறைத்தண்டனை 15 ஆண்டுகள் வரையிலும் உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு, பிரதமர் தலைமையில் தேசியப் புலிப் பாதுகாப்புப் பணிக்குழுவும் அமைக்கப்பட்டது.

2019 முதல் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானும் போலீசும் கூட்டாக ‘ஒப்பராசி பெர்செபாடு கஸானா’ சோதனை நடவடிக்கையை நடத்துகின்றன. ஓய்வுபெற்ற படைவீரர்களும் பூர்வக்குடியினரும் வனக் காவலர்களாகச் சேர்க்கப்பட்டுள்ளனர். பெலும் காட்டில் ‘ரிமாவ்’ அமைப்பின் ரோந்துக் குழுவினர் அங்கேயே பிறந்து வளர்ந்த பூர்வக்குடி இளைஞர்கள். காலடித் தடம் பார்த்தே யார், எப்போது போனார் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

பகாங்கில் தாமான் நெகாராவையும் மத்திய மலைத்தொடரையும் இணைக்கும் சுங்கை யூ பகுதியில், விலங்குகள் அடியில் கடந்து செல்லும்படி சாலை உயர்த்திக் கட்டப்பட்டுள்ளது. அங்கே ‘மைகேட்’ கூட்டணியின் தொண்டூழியர்கள் காட்டில் நடந்து கண்ணிகளைத் தேடுகின்றனர், மரமும் நடுகின்றனர். 2023இல் பகாங் அரசு தாமான் நெகாராவை ஒட்டி, புலிகளுக்கென்றே ஒரு பெரிய அரச காப்புக்காட்டை அறிவித்தது.

தோட்டப்புறத்துக்கு என்ன தொடர்பு?

விடியுமுன் தலைவிளக்கோடு பால்மரம் வெட்டப் போன தலைமுறைக்குப் புலி பயம் கதையல்ல, அன்றாடம். இன்றும் அந்த அபாயம் தீரவில்லை. 2023 பிற்பகுதியில் கிளந்தான், குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கிப் பூர்வக்குடியினரும் தோட்டத் தொழிலாளர்களும் உயிரிழந்தனர். காட்டில் இரை குறைந்தால் புலி தோட்டத்துக்கு வரும். ஆகவே காட்டில் மானும் பன்றியும் பெருகுவது தொழிலாளியின் உயிருக்கும் பாதுகாப்பு.

காட்டோரம் வேலை செய்வோர் இருட்டில் தனியே போகாதிருப்பது, மாடு ஆடுகளை இரவில் தொழுவத்தில் அடைப்பது, வளர்ப்பு நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது ஆகியவை பலன் தரும். பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் புலியும் மாட்டும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும். புலித்தடமோ கண்ணியோ தென்பட்டால் பெர்ஹிலித்தானின் 1-800-88-5151 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

இன்னொன்று நம் வீடுகளைப் பற்றியது. புலிநகப் பதக்கம், புலிப்பல் தாயத்து அணியும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். புலி உறுப்பு கலந்ததாகச் சொல்லித் தைலமோ மருந்தோ விற்பதும் சட்டவிரோதமே. வாங்குபவர் இல்லையென்றால் கண்ணி வைப்பவனுக்கு வேலை இல்லை.

சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப் புலி 1930இல் சுவா சூ காங்கில் சுட்டுக் கொல்லப்பட்டது. பாலியிலும் ஜாவாவிலும் இருந்த புலிகள் அதன்பின் அழிந்தன. 2019 நவம்பரில் ‘இமான்’ என்ற பெண் விலங்கு சபாவில் இறந்தபோது, மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகமும் போனது. அதைக் காப்பாற்ற எடுத்த முயற்சிகள் காலம் கடந்து வந்தவை. புலிக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் அது நீண்டதல்ல.