தலைப்பாகையும் முகமும்

கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில், பேலூர் என்னும் ஊரில், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் காலத்தில் 1117ஆம் ஆண்டில் அமைந்த சென்னகேசவர் கோயில் உள்ளது. அங்கே கையில் கண்ணாடி ஏந்தித் தன் முகத்தையே நோக்கி நிற்கும் மங்கை ஒருத்தியின் சிலை உண்டு. தர்ப்பண சுந்தரி என்று அவளை அழைப்பர். 'இந்த ஒப்பனை என் முகத்திற்குப் பொருந்துகிறதா?' என்று அவள் கண்ணாடியைக் கேட்பது போலவே சிற்பி அவளை நிறுத்தியிருக்கிறான். பண்டைத் தமிழரும் மகளிர் கூந்தலை 'ஐம்பால்' என்றனர். கொண்டை, குழல், சுருள், பனிச்சை, முடி என ஐந்து வகையாக அது ஒப்பனை பெறும் என்று உரைகாரர் விளக்குவர். ஒரே கூந்தலுக்கு ஐந்து வகை முடிப்பு இருந்ததென்றால், எது தனக்கு ஏற்றது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையும் அதனுடன் இருந்தது என்றே நாம் கொள்ளலாம்.

மகளிர்க்குக் கூந்தல் எப்படியோ, ஆடவர்க்கு நெடுங்காலம் தலைப்பாகை அப்படி. பெங்களூரில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சியும் உண்டு. நாம் முண்டாசு என்பதைக் கன்னடரும் முண்டாசு என்றே சொல்கின்றனர். நம் ஊர்ப்புறத்து 'உருமால்' இங்கே 'ருமாலு' ஆகிறது. மொழி வேறாயினும் தலையில் கட்டும் துணிக்குப் பெயர் ஒன்றாகவே இருக்கிறது. இவற்றுள் சிறப்பு மிக்கது மைசூர்ப் பேட்டா. உடையார் மன்னர்களும் அவர்தம் திவான்களும் அணிந்த அந்தப் பட்டுத் தலைப்பாகையில், வெண்மடிப்புகளுக்கு இடையே பொன் ஜரிகைக் கரை ஒளிரும்.

நீண்ட துணியைக் கையால் சுற்றிக் கட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வட்ட முகமுடையவர்க்கு மடிப்புகளைச் சற்று உயர்த்திக் கட்டினால் முகம் நீண்டு தோன்றும். நீண்டு ஒடுங்கிய முகத்திற்கு உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்ட வேண்டும். அகன்ற நெற்றிக்கு விளிம்பைக் கீழே இறக்குவதும், சிறிய முகத்திற்குச் சுற்றுகளைக் குறைப்பதும் முறை. துணி ஒன்றே, கட்டும் கைதான் அதை அவரவர்க்கு உரியதாக்குகிறது. மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவின் படத்தை நாம் பலமுறை கண்டிருப்போம். 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக விளங்கிய அப்பெரியாரின் முகம் மெலிந்து நீண்டது. அம்முகத்தையும் பேட்டாவையும் வேறு வேறாக எண்ணிப் பார்ப்பதே இப்போது அரிதாகிவிட்டது.

பேட்டா அணிந்த திவான்களுள் தமிழரும் உண்டு. கப்பன் பூங்காவில் நூலகத்தின் முன்னே சிலையாக நிற்கும் சேஷாத்திரி ஐயர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1845இல் பிறந்து, சென்னையில் கற்று, மைசூர்ப் பணியில் சேர்ந்தவர். 1883 முதல் 1901 வரை, பதினெட்டு ஆண்டுகள் அவர் திவானாக இருந்தார். காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி அவர் காலத்தில் தொடங்கியதே. சேஷாத்திரிபுரம் என்ற பகுதி இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. வேற்றூரின் தலைப்பாகையை ஏற்றதால் அவர் தம் முகத்தை இழந்தாரா? இல்லை. தாம் பணி செய்யும் நாட்டிற்கு அளித்த மதிப்பாகவே அது அவர் தலையில் அமர்ந்தது.

இதற்கு மறுபுறமாக இன்னொரு தமிழரையும் நினைவுகூரலாம். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன், 1930இல் நோபல் பரிசு பெற்றபோதும் தலைப்பாகையுடனேயே ஸ்டாக்ஹோம் மேடையில் நின்றார். 1933இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூர் வந்தவர், 1970இல் மறையும்வரை இந்நகரையே தம் இருப்பிடமாகக் கொண்டார். மேனாட்டுச் சட்டை, மேலங்கி, கழுத்துப்பட்டி ஆகியவற்றுடன் அவர் தலைப்பாகையையும் சேர்த்து அணிந்தார். ஒருவர் ஊரின் பாகையை ஏற்றார். மற்றவர் தம்முடையதை விடாது காத்தார். இருவர்க்கும் அது பொருந்தியது. ஏனெனில் இருவரும் தாமே விரும்பி அணிந்தனர்.

விருப்பமின்றித் தலையில் ஏற்றப்படும் அணி எம்முகத்திற்கும் பொருந்தாது என்பதற்கு, பெங்களூரிலிருந்து சென்னை செல்லும் வழியிலுள்ள வேலூர்க் கோட்டையே சான்று. 1805இன் இறுதியில் சென்னைப் படையின் தலைவர் சர் ஜான் கிரடாக், சிப்பாய்களுக்குப் புதுவகைத் தலைப்பாகையை விதித்தார். அது ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தது. தோலால் ஆன குஞ்சமும் அதில் இருந்தது. நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, மீசையும் விதித்த அளவிலேயே இருக்கவேண்டும் என்று ஆணைகள் தொடர்ந்தன. மறுத்தவர்கள் தண்டிக்கப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் கோட்டை கிளர்ந்தெழுந்தது. திப்புவின் மைந்தர்கள் அங்கே காவலில் இருந்ததும், வேறு குறைகளும் அதற்குக் காரணங்களாயின. எனினும் தீ மூட்டியது தலைப்பாகையே. ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை அன்றே எழுச்சியை அடக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். பின்னர் ஆணை திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டில் கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

வேலூர் நிகழ்ச்சிக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1809இல் பெங்களூரில் தண்டு அமைந்தது. சென்னைப் படையுடனும் அதன் தேவைகளை நாடியும் தமிழர் பலர் இங்கே குடியேறினர். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் வாழும் நம்மவருள் சிலரின் முன்னோர் அவ்வாறு வந்தவரே. அக்காலத்து வெள்ளையர் வெயிலுக்கு அஞ்சி அணிந்த 'சோலா தொப்பி' எதனால் ஆனது தெரியுமா? நம் ஏரி குளங்களில் விளையும் நெட்டியால்! தஞ்சைக் கலைஞர் கோயில் மாதிரிகள் செதுக்கும் அதே நெட்டிதான் துரைமார் தலைக்கு நிழலாகியது.

தலைமயிரின் கதையும் இதுவே. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் குடுமி மறைந்து கிராப்பு பரவியபோது எத்தனை வீடுகளில் தந்தையும் மகனும் பேசாதிருந்தனர்! காசியில் பயின்ற இளம் பாரதியார் குடுமியைக் களைந்து, மீசை வளர்த்து, வடநாட்டு முறையில் பாகை கட்டிக்கொண்டார். இன்று அப்பாகையின்றி நம்மால் பாரதியை எண்ணவும் இயலாது. ஊரார் ஒருகாலத்தில் 'இது பொருந்தாது' என்றது பின்னர் ஒருவரின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது.

இந்நாளில் பேட்டா அன்றாட உடையாக இல்லை. மணமகன் தலையிலும், பாராட்டு மேடையிலும், தசரா விழாவிலுமே அதைக் காண்கிறோம். பெரும்பாலும் அது ஆயத்தமாகத் தைத்து விற்கப்படுவது. மேடையில் சால்வையுடன் அதைச் சூட்டும்போது ஒருவர்க்குப் புருவம்வரை இறங்குகிறது. இன்னொருவர்க்கு உச்சியில் நின்று தள்ளாடுகிறது. அவையினர் புன்னகைக்கின்றனர். முகம் நோக்கிக் கட்டிய கை விலகியதன் விளைவு இது. ஆயினும் அதன் பொருள் மாறவில்லை. நம் கோயில்களில் பெரியோர்க்குப் பரிவட்டம் கட்டுவது போன்றதே, கன்னடர் பேட்டா சூட்டி நம்மைச் சிறப்பிப்பதும்.

பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நம் வீடுகளில், 'நம் வழக்கத்தை விடுவதா, இவ்வூர் வழக்கத்தை ஏற்பதா' என்ற கேள்வி நாள்தோறும் எழுகிறது. கண்ணாடி முன் நிற்கும் மகனும் மகளும் அதையே வேறு சொற்களில் கேட்கின்றனர். சேஷாத்திரி ஐயரும் இராமனும் அதற்கு இருவேறு விடைகள் அளித்தனர். இரண்டும் சரியான விடைகளே. வேலூரில் போலக் கட்டளையால் கட்டாதிருப்போமாக. நம் பிள்ளைகளுக்குப் பொருந்துவதை அவர்களே தேர்ந்து கட்டிக்கொள்ளட்டும். மடிப்பு கலைந்தால் சரிசெய்ய நம் கை அருகில் இருந்தால் போதும்.