கரக்பூர்: முதற் பார்வையும் மறு பார்வையும்

ஓர் ஊரை முதன்முதலிற் கண்டபோது மனத்திற் பதிந்த எண்ணம் நாளடைவில் நிலைத்து நிற்கிறதா, அன்றி மாறிவிடுகிறதா? சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் அன்பர் ஒருவர் இவ்வினாவை எழுப்பினார். அங்கிருந்தோர் ஆளுக்கொரு விடை கூறினர். "வந்த அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை" என்றார் ஒருவர். அவர் இவ்வூருக்கு வந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன! அதனையே ஒரு கட்டுரையாக்கித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைப் பணித்தனர். நாம் சரித்திரப் பேராசிரியரல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பிழைப்புத் தேடி வந்த இரயில்வே எழுத்தரே. எனினும், கரக்பூரின் பழங்கதையைச் சில ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் தேடிப் படித்து வருகிறோம். அந்தத் துணிவினால் எழுதத் தலைப்பட்டோம்.

நாம் இங்கு வந்தது 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில். சென்னையில் கோரமண்டல் விரைவு வண்டியில் ஏறி, மறுநாள் முற்பகலில் இறங்கினோம். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், அன்னையார் கட்டிக் கொடுத்த புளியோதரையில் மிச்சம். இறங்கிய பெட்டியோ வண்டியின் கடைக்கோடி. வெளியேறும் வழி எங்கேயென்று கேட்டால் எல்லோரும் ஒரே திசையைக் காட்டினர். நடந்தோம், நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம். அந்த மேடையின் நீளம் 1,072 மீட்டர். தலையில் பெட்டியுடன் மே மாத வெயிலில் நடந்தவனுக்கு அது இன்னும் ஒரு மடங்கு கூடுதலாகத் தோன்றியதில் வியப்பில்லை.

வெளியே வந்தால் செம்மண். புழுதி பறந்துகொண்டிருந்தது. வரிசை வரிசையாய் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற இரயில்வே வீடுகள். கோபுரம் இல்லை, தேரோடும் வீதி இல்லை, ஆற்றங்கரை இல்லை. அன்றிரவே தந்தையாருக்கு எழுதிய கடிதத்தில், இஃது ஊரன்று, வெறும் பிளாட்பாரம் என்றும், ஓராண்டுக்குள் மாற்றல் வாங்கித் திரும்பிவிடுவதாகவும் எழுதினோம். அப்போது நமக்குத் துணையாயிருந்த தஞ்சாவூர்க்காரரான மூத்த எழுத்தர் அதைக் கேட்டுச் சிரித்து, "தம்பி, ஊரைப் பார்க்கணும்னா மொதல்ல பிளாட்பாரத்தை விட்டு வெளியே வரணும்" என்றார். அச்சொல்லின் பொருள் விளங்க நமக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்த மேடையைப்பற்றி முதலில் ஒரு சொல். உலகிலேயே நீளமான மேடை இதுவே என்று அந்நாளில் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வர். பொது அறிவு நூல்களிலும் அவ்வாறே இருந்தது. நாமும் ஊருக்குப் போனபோதெல்லாம் சொல்லிப் பெருமை கொண்டோம். 2013-இல் கோரக்பூரில் 1,366 மீட்டர் மேடை வந்தது. 2023 மார்ச்சில் ஹூப்ளியில் 1,507 மீட்டர் மேடை திறக்கப்பட்டது. ஆக, முதல் நாளில் நம்மை மலைக்க வைத்த அந்த ஒன்றே முதலில் தோற்றது. மேடை ஓரங்குலமும் குறையவில்லை, உலகம்தான் நீண்டுவிட்டது.

நிற்க. "இஃது ஊரன்று" என்று நாம் எழுதியதில் உண்மை அறவே இல்லையென்று சொல்ல முடியாது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் அது முழு உண்மையாகவே இருந்திருக்கும். பழைமையான ஊர் வடக்கே, காசாய் ஆற்றுக்கு அப்பாலுள்ள மேதினிபூர்தான். மாவட்டத் தலைநகரம் அதுவே. இப்புறம் இருந்தவை சால மரக் காடும், செம்பாறை மேடும், சில சிற்றூர்களுமே. இந்தாவிலுள்ள கட்கேசுவரர் கோயிலை ஒட்டி இவ்வூர்ப் பெயர் வந்ததென்பர். அக்கோயிலருகே உள்ள திடலை இடிம்பையின் திடல் என்று கூறி, பீமன் கதையோடு சேர்ப்பாரும் உளர். அக்கதையை இந்தாப் பக்கத்துப் பாட்டிமார் நம்மைவிட நன்றாகச் சொல்வர்.

பெங்கால் நாகபுரி இரயில்வே என்னும் கம்பெனி 1887-இல் தோன்றியது. நாகபுரியிலிருந்து கிழக்கு நோக்கி வந்த அதன் பாதையும், கட்டாக்கிலிருந்து வடக்கு நோக்கி வந்த பாதையும் இந்தச் செம்மண் மேட்டில் வந்து கலந்தன. கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றுப் பாலம் 1900 ஏப்ரலில் திறக்கப்பட்டதும் ஹௌராவுக்கு வழி பிறந்தது. கரையோரமாகச் சென்னை வரையிலும் தொடர்பு ஏற்பட்டது. சந்திப்பு நிலையம் வந்தது. அதன் பின்னால் பெரிய தொழிற்பட்டறை வந்தது. பட்டறைக்கு ஆள் வேண்டியிருந்தது. விசாகப்பட்டினம், கஞ்சம் பகுதிகளிலிருந்து தெலுங்கர் பெருந்திரளாக வந்தனர். ஒரியா மக்கள், பீகாரிகள், பஞ்சாபியர், ஆங்கிலோ இந்தியர், பின்னும் தெற்கிலிருந்து நம்மவர் எனப் பலரும் வந்து சேர்ந்தனர். வங்காள நாட்டின் நடுவே வங்காளியும் ஓரளவு வந்தேறியாகவே வாழ்ந்த ஊர் இது. மற்ற ஊர்களில் ஊர் முதலில் தோன்றும். நிலையம் பின்னால் வரும். இங்கே நிலையம் முதலில் வந்தது. ஊர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது.

ஆயினும், வந்தவர் யாவரும் வழிப்போக்கராகவே இருந்துவிடவில்லை. 1927-ஆம் ஆண்டில் இருமுறை இங்குள்ள தொழிலாளர் பெருங்கிளர்ச்சியில் இறங்கினர். பிப்ரவரியில் ஒரு வேலைநிறுத்தம். செப்டம்பரில் ஆட்குறைப்பை எதிர்த்து மறு போராட்டம். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராயிருந்த வி. வி. கிரி அவர்கள் இந்த இரயில்வேத் தொழிற்சங்கத்தின் தலைவர்களுள் ஒருவர். சம்பளம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கு நடையைக் கட்ட எண்ணுபவன் ஓரிடத்தில் நின்று மாதக்கணக்கில் பட்டினி கிடப்பானா? இந்தக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள்தாம் கிடந்தார்கள்.

இவையெல்லாம் நமக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இருந்ததில்லை. கண்ணைத் திறந்தது நம் மகள். நான்காம் வகுப்பில் "என் ஊர்" என்று பத்து வரி எழுதச் சொன்னார்களாம். "அப்பா, நம்ம ஊர் எது?" என்றாள். நாம் சற்றும் தயங்காமல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள நம் கிராமத்தைச் சொல்லி, வாய்க்காலையும் பனைமரத்தையும் அம்மன் கொடையையும் வரிவரியாய்ச் சொல்லிக் கொடுத்தோம். குழந்தை அவ்வூரில் அதுவரை தங்கியது மொத்தம் இருபத்தாறு நாட்கள். எழுதி முடித்துவிட்டு, "வாய்க்கால்ல இப்பத் தண்ணி இருக்குமாப்பா?" என்று கேட்டாள். நமக்கு விடை தெரியவில்லை. இரயில்வே மருத்துவமனையில் பிறந்து, நிம்புராவில் நடைபழகி, கோல் பஜாரில் தீபாவளித் துணி எடுத்து வளர்ந்த பிள்ளைக்கு, அவள் ஊரை இல்லையென்று சொல்லிவிட்டோம். தந்தைக்கு 2001-இல் எழுதிய கடிதத்தையே மகளுக்கும் படித்துக் காட்டியதாயிற்று. அந்த வாரமே நூலகத்திற்குப் போகத் தொடங்கினோம்.

தேடியவற்றுள் நம்மை மிகவும் உலுக்கியது ஹிஜ்லிக் கட்டடத்தின் வரலாறு. நாம் வந்த மறு ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பரொருவருடன் சைக்கிளில் ஐ.ஐ.டி. பக்கம் சென்றபோது அதனை முதன்முதலில் கண்டோம். நடுவில் உயர்ந்த கோபுரம், இருபுறமும் நீண்ட தாழ்வாரங்கள், முன்னே புல்வெளி. ஏதோ ஜமீன்தார் மாளிகை என்று எண்ணினோம். நிழலில் அமர்ந்து முறுக்குத் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

அது மாளிகையன்று, சிறை. 1930 ஏப்ரலில் சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதல் நடந்தபின் வங்காளமெங்கும் இளைஞர் பலர் பிடிக்கப்பட்டனர். இருந்த சிறைகள் போதவில்லை. அவ்வாண்டே ஹிஜ்லியில் தடுப்புக்காவல் முகாம் அமைந்தது. வழக்கும் விசாரணையுமின்றி அடைக்கப்பட்டவர்களே அதில் இருந்தவர்கள். 1931 செப்டம்பர் 16-ஆம் நாள், கையில் ஆயுதம் ஏதுமற்ற அவர்கள்மீது காவலர் சுட்டனர். சந்தோஷ்குமார் மித்ரா, தாரகேசுவர் சென்குப்தா என்னும் இருவர் மாண்டனர். அவர்களுடைய உடல்களைப் பெற்றுச் செல்லச் சுபாஷ் சந்திர போஸ் நேரில் வந்தார். கல்கத்தாவில் கூடிய கண்டனக் கூட்டத்தில், உடல்நலம் குன்றியிருந்த இரவீந்திரநாத தாகூர் எழுந்து பேசினார். போஸ் வந்திறங்கிய இந்தச் செம்மண்ணையா புழுதி என்று எழுதினோம் என எண்ணியபோது மனம் கூசிற்று.

கதை அதோடு நிற்கவில்லை. 1937-இல் மூடிய முகாம் 1940-இல் மீண்டும் திறக்கப்பட்டு, 1942-இல் முடிவாக மூடப்பட்டது. 1944-இல் அதே கட்டடத்தில் அமெரிக்கர் வந்து அமர்ந்தனர். பி-29 என்னும் பெரும் குண்டுவீச்சு விமானங்களின் இருபதாவது படைத்தலைமை இங்கேதான் இருந்தது. கலைகுண்டா, சாகுலியா முதலிய சுற்றுப்புற விமானத் தளங்கள் அதற்குட்பட்டவை. 1944 ஜூன் 5-ஆம் நாள் அவ்விமானங்கள் போரில் முதன்முறையாகப் பறந்து சென்றன. குறி எது தெரியுமா? பாங்காக்கிலுள்ள மக்காசான் இரயில்வேப் பட்டறை! ஓர் இரயில்வேப் பட்டறை ஊரிலிருந்து கிளம்பி மற்றோர் இரயில்வேப் பட்டறையை அழிக்கச் சென்றிருக்கிறார்கள். அந்தச் சயாம் நாட்டுப் பாதைகளோடு இணைந்ததே, மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரை 1942-43-இல் பலிகொண்ட சயாம்–பர்மா இருப்புப்பாதை.

பின்னர் நாடு விடுதலை பெற்றது. 1951 ஆகஸ்டில் அதே தாழ்வாரங்களில் 224 மாணவர்களுடன் இந்தியாவின் முதல் ஐ.ஐ.டி. வகுப்புகள் தொடங்கின. மௌலானா ஆசாத் அதனை முறையாகத் தொடங்கிவைத்தார். ஞான சந்திர கோஷ் முதல் இயக்குநர். 1956-இல் முதற் பட்டமளிப்பு விழாவுக்கு வந்த நேரு, சிறையிருந்த இடத்தில் கல்விக்கூடம் எழுந்ததை எடுத்துக்காட்டிப் பேசினார். 1990 முதல் அப்பழைய கட்டடம் அவர் பெயரால் அமைந்த அறிவியல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

இருபதே ஆண்டுகளுக்குள் அந்த ஒரே வாயிலில் எத்தனை முதற் பார்வைகள்! 1931-இல் விலங்கோடு வந்த இளைஞனுக்கு அது மீளமுடியாத சிறை. 1944-இல் வந்திறங்கிய அமெரிக்கச் சிப்பாய்க்கு வெயில் காயும் ஓர் அயல்நாட்டுப் பாசறை. 1951-இல் பெட்டியோடு வந்த மாணவனுக்கு வாழ்வின் நுழைவாயில். அவரவர் கண்டது அவரவருக்கு மெய்தான். நாம் கண்ட ஜமீன்தார் மாளிகை ஒன்றுதான் எந்நாளும் அங்கே இருந்ததில்லை.

அப்படியாயின் முதல் நாள் எண்ணம் யாவும் பொய்யோ? இல்லை. வெயிலைப்பற்றி எழுதியது இன்றும் ஓர் எழுத்து மாறாமல் நிற்கிறது. மழைக்காலத்தில் செம்மண் வேட்டியில் ஏற்றும் கறை எச்சவுக்காரத்துக்கும் அசைந்து கொடுப்பதில்லை. மற்றொன்றும் நிலைத்தது. முதல் நாள் கோல் பஜாரில் ஒரு கடைக்காரர் நம்மைப் பார்த்து முதலில் தெலுங்கிலும், பிறகு இந்தியிலும், பிறகு வங்காளியிலும் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் விரல்களால் விலை சொன்னார். யாரையும் அயலானென்று ஒதுக்கத் தெரியாத ஊர் என்று அன்றே எண்ணினோம்; இருபத்து நான்கு ஆண்டுகளில் அவ்வெண்ணத்தை மாற்ற ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஊரைப் பார்த்துக் கொண்ட எண்ணம் பிழைத்தது. மனிதரைப் பார்த்துக் கொண்ட எண்ணம் பிழையாகவில்லை.

நம் குடியிருப்பில் இன்றும் பல வீடுகளில் பரண்மேல் கட்டிய மூட்டை அவிழாமல் இருக்கிறது. மாற்றல் வரும், போய்விடலாம் என்று கட்டியது. ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்பியவர்களிற் சிலர், அங்கே தமக்கு முகம் தெரிந்தோர் இல்லையென்று கடிதம் எழுதுகின்றனர். சிலர் பிரேம் பஜாரிலோ இந்தாவிலோ சிறு வீடு வாங்கி இங்கேயே தங்கிவிட்டனர். எது சரி என்று கூற நாம் யார்? அவரவர் வீட்டுக் கணக்கு அவரவருக்கு. நாமே இன்னும் முடிவு செய்தோமில்லை. இல்லாளுக்கு ஊருக்குப் போகவே ஆசை. ஆனால் பிள்ளைகள் பிறந்த ஊருக்குப் பெயரும் கதையும் உண்டென்று அவர்களுக்குச் சொல்வதற்கு எந்த மாற்றல் உத்தரவும் தேவையில்லை அல்லவா?

அதனால் செயற்குழுவில் ஒரு வேண்டுகோள் வைத்தோம். ஆண்டு விழா முடிந்தபின் ஒரு விடுமுறை நாளில் நம் சங்கச் சிறுவர் சிறுமியரை ஹிஜ்லிக் கட்டடத்துக்கு அழைத்துச் செல்வதென்று ஒப்புக்கொண்டுள்ளனர். அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளைக் கேட்டறிந்து செயலாளர் அறிவிப்பார். காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் திரும்பலாம். தயிர்சாதம் சங்கத்தின் பொறுப்பு. பெரியவர்களும் வரலாம். முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பிடிக்கவில்லை என்ற நம் அன்பர், தமக்கும் தம் பேரனுக்குமாக இரண்டு இடங்கள் இப்போதே கேட்டிருக்கிறார்.