வாசலில்லாத சூதாட்ட மனை



"கைத்தொலைபேசியில் பணம் கட்டி விளையாடுவது குற்றம் என்கிறீர்கள். கெந்திங் மலையில் மட்டும் எப்படி விடுகிறார்கள், ஐயா?" நன்னெறிக் கல்வி வேளையில் மாணவர்கள் கேட்கும் வினா இது. நியாயமான வினாவுங்கூட. "சட்டம் அப்படித்தான்" என்று சொல்லிக் கடந்துவிடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. இதற்கான விடை நம் நாட்டின் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றில் இருக்கிறது.

பகாங் மாநிலம் 1888இல் பிரிட்டிஷ் ஆட்சியாளரின் மேற்பார்வைக்குள் வந்தது. 1896 முதல் இணைந்த மலாய் மாநிலங்கள் நான்கனுள் ஒன்றாயிற்று. அக்கால அரசுக்குச் சூதாட்டம் ஒரு வருவாய்த் துறை. சூதாட்டக் கூடம் நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விடுவர். கூடுதல் தொகை கொடுப்பவர் அதனைப் பெறுவர். ஈயச் சுரங்கங்களில் உழைத்தவரின் கூலியில் ஒரு பகுதி இவ்வாறு குத்தகைக்காரர் வழியாக அரசின் கருவூலத்தை அடைந்தது. கண்டனங்கள் வலுத்த பின்னரே, 1912இல் இம்முறை இணைந்த மலாய் மாநிலங்களில் ஒழிக்கப்பட்டது.

இன்றளவும் நம்மை ஆளுகின்ற சட்டங்கள் 1953இல் பிறந்தவை. ஒன்று பொதுச் சூதாட்ட மனைகள் சட்டம். மற்றொன்று பந்தயச் சட்டம். முதலாவதன் பெயரே அதன் இயல்பைக் காட்டிவிடுகிறது. அது 'மனை'யை, அதாவது பொதுமக்கள் வந்து ஆடும் ஓர் இடத்தை, மையமாகக் கொண்டது. அத்தகைய இடத்தை நடத்துபவருக்கு 5,000 வெள்ளி முதல் 50,000 வெள்ளி வரை தண்டமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. அங்கே சென்று ஆடுபவருக்கு 5,000 வெள்ளி வரை தண்டமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நற்பேற்றை நம்பிய ஆட்டம் மட்டுமன்றி, நற்பேறும் திறமையும் கலந்த ஆட்டத்தைப் பணத்துக்கு ஆடுவதும் சூதாட்டமே என்று அச்சட்டம் தெளிவாக வரையறுக்கிறது.

அதே சட்டம் உரிமம் வழங்கும் அதிகாரத்தை நிதியமைச்சருக்கு அளித்திருக்கிறது. கெந்திங் மலையின் கதை இங்கேதான் தொடங்குகிறது. அக்கதையில் நம் கேமரன் மலைக்கும் பங்குண்டு. 1960களின் தொடக்கத்தில் இங்கு நடைபெற்ற நீர்மின் திட்டப் பணியில் ஈடுபட்டிருந்த குத்தகையாளர் லிம் கோ தோங், இம்மலையின் குளிரை அனுபவித்தபோதுதான் தலைநகருக்கு அருகில் ஒரு மலைவாழிடம் அமைக்கும் எண்ணத்தைப் பெற்றார். 1969இல் துங்கு அப்துல் ரகுமான் அதற்கு அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டிலேயே சூதாட்ட உரிமமும் கிடைத்தது. 1971இல் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கும் 21 வயது நிரம்பாதோருக்கும் அங்குள்ள சூதாட்டக் கூடத்தில் அனுமதி இல்லை. நாம் 'நாலு நம்பர்' என்றழைக்கும் ஆட்டத்தை நடத்தும் மேக்னம், டோட்டோ நிறுவனங்களும் ஏறத்தாழ அக்காலத்தினவே.

ஆக, மாணவரின் வினாவுக்கு விடை இதுதான்: சூதாட்டம் நல்லது என்று கருதி உரிமம் தரப்படவில்லை. ஓரிடத்தில் அடைத்து, வாசலில் காவல் வைத்து, வரி பெறலாம் என்று கருதியே தரப்பட்டது. இக்கட்டுப்பாடு முழுவதும் அந்த வாசலையே நம்பியிருக்கிறது.

இயங்கலைச் சூதாட்டத்திற்கு வாசல் இல்லை. நடத்துபவர் அயல்நாட்டில் இருப்பார். ஆடுபவர் தோட்டத்து வீட்டில் போர்வைக்குள் இருப்பார். வயதைக் கேட்கக் காவலர் எவருமில்லை. அடுக்குமாடி வீடுகளில் இயங்கும் அழைப்பு மையங்களைக் காவல்துறை சோதனையிட்டு, 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்கிறது. தொடர்பு, பல்லூடக ஆணையம் வலைத்தளங்களை முடக்குகிறது. ஒன்று முடங்கினால் வேறு பெயரில் இன்னொன்று முளைத்துவிடுகிறது.

அண்டை நாடுகள் இதனை எவ்வாறு எதிர்கொண்டன? சிங்கப்பூர் 2014இல் தொலைச் சூதாட்டச் சட்டத்தை இயற்றியது. தளத்தை முடக்குவதோடு, அதற்குப் பணம் செல்லும் வழியையும் விளம்பரத்தையும் அது தடுத்தது. 2022இல் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

தமிழ்நாட்டின் பாதை கரடுமுரடானது. பணம் கட்டி ஆடும் இயங்கலை விளையாட்டுகளைத் தடுத்து 2021இல் இயற்றிய சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் செல்லாதென்றது. ரம்மி திறமை ஆட்டம் என்பது இந்திய நீதிமன்றங்களின் நெடுநாளைய நிலைப்பாடு. பின்னர், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்று, 2022 அக்டோபரில் புதிய மசோதா நிறைவேறியது. ஆளுநர் அதனைத் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மிக்கும் போக்கருக்கும் அத்தடை பொருந்தாதென உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையா நற்பேறா என்ற வேறுபாட்டையே விலக்கி, பணம் கட்டி ஆடும் இயங்கலை விளையாட்டுகள் அனைத்தையும் நடத்தத் தடை விதித்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை. ஒரு கோடி ரூபாய் வரை தண்டம். அவற்றை விளம்பரம் செய்வதும், அவற்றுக்குப் பணம் மாற்றித் தருவதும் குற்றமாயின.

இவ்வரலாறு காட்டும் உண்மை ஒன்றே. சட்டம் இடத்தைத் தேடிய காலம் போய், பணம் செல்லும் வழியைத் தேடும் காலம் வந்துவிட்டது. அவ்வழியில்தான் நம் பிள்ளைகள் அகப்படுகிறார்கள். இருநூறு, முந்நூறு வெள்ளிக்காகத் தம் வங்கி அட்டையையும் கணக்கையும் அறிமுகமில்லாதவரிடம் ஒப்படைக்கும் இளைஞரின் பெயரில்தான் சூதாட்டப் பணம் சுழல்கிறது. தக்க காரணமின்றி இவ்வாறு கொடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவுகள் 2024இல் நம் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. நடத்துபவர் கடல்கடந்து இருக்க, குற்றவாளிக் கூண்டில் தோட்டத்துப் பிள்ளை நிற்க நேரிடும்.

இன்னொன்றும் அறிக. 1956ஆம் ஆண்டின் உரிமையியல் சட்டப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. சட்டத்திற்குப் புறம்பான தளம் வென்ற பணத்தைத் தர மறுத்தால் நீதிமன்றம் துணைக்கு வராது. தோற்றவரோ வட்டி முதலைகளிடம் போவார்.

வள்ளுவப் பெருந்தகை 'சூது' என்னும் 94ஆம் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கு அடுத்து வைத்திருப்பது எண்ணத்தக்கது. சூது ஒருவரின் ஒழுக்கத்தை மட்டுமன்று, குடும்பத்தின் பொருள்நிலையையே அழிப்பது.

பெற்றோர்களே, பிள்ளைகளின் வங்கி அட்டை எங்கே இருக்கிறது என்று இன்றே கேளுங்கள். உங்கள் கைத்தொலைபேசியைப் பிள்ளையிடம் கொடுக்குமுன் மின்பணப்பையின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஆசிரியர்களே, ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவருக்கு இச்சட்டங்களை ஒரு பாடவேளையேனும் எடுத்துரையுங்கள். வாசல் இல்லாத மனைக்கு நாம்தாம் காவல்.

சிந்திப்போம், செயல்படுவோம்.