ஒரு பேஸ் கிற்றாரை வாங்குவதும் வைத்திருப்பதும்

"ஆருக்கு, தம்பிக்கோ?"

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலுமாக நான் ஏறி இறங்கிய நான்கு கடைகளில் மூன்றில் முதல் கேள்வி இதுதான். எனக்குத்தான் என்றதும் அடுத்தது வரும்: "அப்ப ஏன் பேஸ்? சாதாரண கிற்றார் எடுக்கலாமே, பிள்ளை." முதல் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இரண்டாவது கேள்வி நியாயமானது. வாங்கும்போது எனக்குச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. மூன்று வருடம் வைத்திருந்து கற்றுக்கொண்டதை, இனி வாங்க நினைப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சாதாரண கிற்றாருக்கு ஆறு தந்தி, பேஸுக்கு நான்கு. ஈ, ஏ, டி, ஜி என்று கிற்றாரின் தடித்த நான்கு தந்திகளின் பெயர்தான் இவற்றுக்கும். ஆனால் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். மிகத் தாழ்ந்த ஈ தந்தி செக்கனுக்கு 41 தடவை அதிரும். கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் அந்த ஒலியை எழுப்பவே முடியாது. அதனால்தான் நம்மில் பலருக்குப் பேஸ் என்றால் என்னவென்று தெரிவதில்லை. 1982இல் வந்த 'நினைவெல்லாம் நித்யா' படத்தின் 'பனிவிழும் மலர்வனம்' பாடலை முதலில் போனில் கேளுங்கள். பிறகு நல்ல ஹெட்போனில் கேளுங்கள். பாட்டுக்கு அடியில் இன்னொரு ஆள் நடந்துபோவது கேட்கும். இளையராஜாவின் பாடல்களில் அந்த ஆளுக்குத் தனி வழியே உண்டு.

கருவியின் கதை சுருக்கமானது. ஆளுயர டபுள் பேஸைத் தூக்கித் திரிவதும், மேளச் சத்தத்துக்கு மேலாக அதைக் கேட்க வைப்பதும் பெரும்பாடாக இருந்த காலத்தில், 1951இல் கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன்' பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கட்டை வைத்த கழுத்து என்பதால் சுரம் துல்லியமாக விழும், பெயரும் அதனால் வந்தது. 1960இல் அதே கம்பனியின் 'ஜாஸ்' பேஸ் வந்தது. இன்று கடையில் தொங்கும் பேஸ்களில் அநேகமானவை இந்த இரண்டின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான்.

நடுத்தர விலை என்று நான் சொல்வது, வெளிநாட்டில் 200 முதல் 500 டொலர் வரை போகும் கருவிகளை. ஃபெண்டரின் மலிவுப் பிரிவான ஸ்குவையர், யமஹா, ஐபனெஸ் எல்லாம் இந்த வரிசையில் உண்டு. 2022இல் ரூபா விழுந்த விழுகையில் இந்த விலைகள் எங்களுக்கு எட்டாமல் போயின. நான் ஆசைப்பட்டதற்குச் சேர்த்து வைத்திருந்த காசு மூன்று மாதத்தில் பாதிக் கருவிக்குத்தான் போதும் என்றாயிற்று. அதனால் பாவித்ததைத் தேடினேன்.

தேடும்போது முதலில் முடிவெடுக்க வேண்டியது, பற்றரி வேண்டுமா வேண்டாமா என்பது. பேஸில் இரண்டு வகை. ஒன்றில் உள்ளே ஒரு சின்ன மின்சுற்று இருக்கும். 9 வோல்ட் பற்றரியில் ஓடும். ஒலியின் தாழ்ச்சி உயர்ச்சியைக் கருவியிலேயே நிறைய மாற்றலாம். யமஹாவின் டிஆர்பிஎக்ஸ்304 அப்படிப்பட்டது. மற்றதில் பற்றரி இல்லை. அதே கம்பனியின் பிபி234 அந்த வகை. முதல் வகையில் பல மொடல்கள் பற்றரி இறந்தால் ஊமையாகிவிடும்.

நான் வன்னியில் வளர்ந்தவள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட வீடு எங்களுடையது. சுற்றுகிற முறை என்னுடையதென்றால் பாட்டை ரசிக்க முடியாது, கைதான் நோகும். இன்று பற்றரி பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. ஆனாலும் பற்றரி தீர்ந்தால் பேசாத ஒரு பொருளுக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இது தொழில்நுட்பக் காரணம் இல்லை என்று தெரியும். பிபி234ஐ எடுத்தேன்.

விற்றவர் ஹோட்டல் இசைக்குழு ஒன்றில் வாசித்துவிட்டு வெளிநாடு போக நின்றவர். பாவித்ததை வாங்குபவர்கள் நிறத்தைப் பார்க்கவேண்டாம். கழுத்தைப் பாருங்கள். முதற்கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் ஒரே தந்தியை அழுத்திப் பிடித்து, நடுவே ஏழாம் எட்டாம் கட்டையில் இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு இருந்தால் நல்லது. விரல் நுழைந்தால் கழுத்து வளைந்திருக்கிறது, இடைவெளியே இல்லையென்றால் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு கட்டையையும் பொறுமையாக வாசியுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாக வாசியுங்கள். குமிழ்களைத் திருப்பும்போது கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான், அதற்காக விலையைக் குறைக்கலாம், வாங்காமல் விடவேண்டாம். கடைசியாக, தோளில் மாட்டிப் பத்து நிமிடம் நில்லுங்கள். நாலு கிலோ என்பது முதல் நிமிடத்தில் தெரியாது. அகலமான பட்டி வாங்குங்கள்.

அம்பிளிபயர் வாங்குமுன் வீட்டு மின்சாரத்தைப் பாருங்கள். நான் இருக்கும் வாடகை வீட்டில் மூன்று முள் பிளக் இருந்தது, ஏர்த் வயர் மட்டும் எங்கும் போய்ச் சேரவில்லை. கிற்றாரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்து, தந்தியைத் தொட்டதும் குறைந்தால் சந்தேகப்படுங்கள். இரைச்சலைவிட மின் அடிதான் பெரிய பயம். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகுதான் நான் தொடர்ந்து வாசித்தேன். சாதாரண கிற்றார் அம்பிளிபயரில் பேஸைச் சத்தமாக வாசித்தால் ஸ்பீக்கர் கிழியலாம். வீட்டுக்கு 15, 20 வாற்ஸில் பேஸுக்கென்றே செய்தது போதும்.

அதையும் எங்கே வைப்பது என்று யோசியுங்கள். முதல் நாள் வெறும் சீமெந்துத் தரையில் வைத்து ஈ தந்தியைத் தட்டினேன். குசினியில் நின்ற அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிவிட்டார். கொஞ்ச நேரம் உள்ளே வரவில்லை. "பாட்டுச் சத்தம்தானே அம்மா" என்றேன்.

"சத்தம் கேக்கேல்லை பிள்ளை. நிலம்தான் அதிர்ந்தது."

அவர் சொன்னது சரி. ஈ தந்தியின் ஒலி அலை எட்டு மீற்றருக்கு மேல் நீளமானது. கதவும் திரையும் அதை நிறுத்தாது. தரை அதை வீடு முழுக்கக் கொண்டுபோகும். காதுக்கு எட்டுமுன் காலுக்கும் நெஞ்சுக்கும் தெரியும். பங்கருக்குள் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அதன் பிறகு அம்பிளிபயரைப் பலகை ஸ்டூலில் ஏற்றி, கால்களுக்குக் கீழே பழைய ரயர் துண்டுகளை மடித்து வைத்தேன். பேஸ் குமிழைப் பாதிக்குக் கீழே விட்டேன். இரவில் ஹெட்போன். பகலில் வாசிக்கமுன், "அம்மா, வாசிக்கப் போறன்" என்று சொல்வேன். இப்போதெல்லாம் அவர் "ம்" என்கிறார், ஓடுவதில்லை. பக்கத்து வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால் நீங்களும் ஒருதரம் போய்ச் சொல்லிவிடுங்கள்.

கழுத்து மரம் என்பதால் காலநிலைக்கு அசையும். நான்கு தந்தியும் சேர்ந்து 70, 80 கிலோ விசையில் அதை இழுத்துக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி அந்த இழுவைக்கு எதிர்த்து நிற்கிறது. மாரி மழையில் ஈரம் ஏறி, மாசியில் காயும்போது என்னுடையது தந்தி உயர்ந்துவிடும். சாவியால் கம்பியை வலப்பக்கம் கால்வட்டம் திருப்பி, ஒரு நாள் விட்டுப் பார்ப்பேன். இறுகி நின்றால் பலவந்தம் பண்ணக்கூடாது. கடற்காற்றும் வியர்வையும் தந்தியைக் கறுக்க வைக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் துடைத்தால் பல மாதம் கூட இருக்கும். செத்த தந்தியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, நன்றாகக் காயவைத்தால் கொஞ்ச நாள் உயிர்க்கும். தந்தி விலையைக் கேட்டவர்கள் இதைச் சிரிக்கமாட்டார்கள்.

போன வருடம் பெரியம்மாவின் மகன் வந்தார். 2009க்கு முன் கிற்றார் வாசித்தவர். வலது கையில் பட்ட ஷெல் துண்டுக்குப் பிறகு நடுவிரலும் மோதிரவிரலும் மடங்காது, கிற்றாரையும் தொடுவதில்லை. பேஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உது ஒரு விரலுக்கும் வேலை குடுக்குமோடி?" என்று பகிடியாகத்தான் கேட்டார். அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றைச் சுட்டுவிரலால் தட்டியே அவ்வளவையும் வாசித்தவர் என்று சொன்னேன். அண்ணை நம்பவில்லை. காணொளி ஒன்றைத் தேடிக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இடது கைக்குப் பழக்கம் போகவில்லை. பதினைந்து வருடத்துக்குப் பிறகும் அது தானாகப் போய் இடத்தில் நின்றது. சுட்டுவிரல்தான் அரை மணித்தியாலத்தில் கொப்பளித்துவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். சுற்றுக் கம்பி சொரசொரப்பாக இருப்பதால் விரல் தேய்கிறது என்கிறார். தட்டைக் கம்பி சுற்றிய தந்தி வழுவழுப்பானது, வருடக்கணக்கில் மாற்றவும் தேவையில்லை. விலைதான் கூட. பாதிக்காசு அவர் தந்தார். கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சல் வரவேண்டும்.