பையின் வர்க்கமூலம்

பையின் வர்க்கமூலம் (√பை) என்பது தன்னைத் தானே பெருக்கும்போது பை என்னும் கணித மாறிலியைத் தரும் நேர்ம மெய்யெண் ஆகும். இதன் மதிப்பு ஏறத்தாழ 1.7724538509 ஆகும். ஆரம் 1 அலகு உடைய வட்டத்தின் பரப்பளவு பை சதுர அலகுகள் ஆதலால், அவ்வட்டத்துக்குச் சமமான பரப்பளவுடைய சதுரத்தின் பக்க நீளமே √பை ஆகும். இக்காரணத்தால் இவ்வெண்ணைக் காணும் முயற்சியும் "வட்டத்தைச் சதுரமாக்கல்" என்னும் பழம்பெரும் வடிவியல் கணக்கும் ஒன்றாகவே வளர்ந்தன. இதில் தமிழகக் கணிதவியலாளர் சீனிவாச இராமானுசன் 1913 ஆம் ஆண்டில் வெளியிட்ட வரைமுறை குறிப்பிடத்தக்கது.

எண்வழியாகக் காணல்

பையின் மதிப்பு தெரிந்திருந்தால் அதன் வர்க்கமூலத்தைச் சராசரி முறையில் விரைவாகக் காணலாம். முதலில் ஓர் உத்தேச மதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். பையை அதனால் வகுத்து, கிடைக்கும் ஈவுக்கும் உத்தேச மதிப்புக்கும் சராசரி காண வேண்டும். அச்சராசரியே அடுத்த உத்தேச மதிப்பாகும்.

- தொடக்க மதிப்பு: 1.8
- முதல் சுற்று: (1.8 + 1.74532925) / 2 = 1.77266463
- இரண்டாம் சுற்று: 1.77245386

இரண்டே சுற்றுகளில் ஏழு தசம இடங்கள் சரியாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆனால், எத்தனை சுற்றுகள் சென்றாலும் இம்முறை முடிவடையாது. √பை ஒரு விகிதமுறா எண் ஆதலால் அதன் தசம விரிவு முடிவுறுவதும் இல்லை, மீள்வதும் இல்லை.

பழைய மதிப்புகள்

வட்டத்தைச் சதுரமாக மாற்றுவதற்குப் பண்டைய நாகரிகங்கள் கையாண்ட விதிகளிலிருந்து, அவை மறைமுகமாகப் பயன்படுத்திய √பை மதிப்பை அறியலாம்.

- எகிப்தின் இரைண்டு பாப்பிரசு: விட்டத்தில் 8/9 பங்கு சதுரத்தின் பக்கம். இதன்படி √பை = 16/9 = 1.7778
- பௌதாயனரின் சுல்ப சூத்திரம்: விட்டத்தைப் 15 பாகங்களாக்கி 2 பாகங்களை நீக்கினால் எஞ்சுவது சதுரத்தின் பக்கம். இதன்படி √பை = 26/15 = 1.7333

வேள்விப் பீடங்களைப் பரப்பளவு மாறாமல் வெவ்வேறு வடிவங்களில் அமைக்கும் தேவையிலிருந்து சுல்ப சூத்திர விதிகள் பிறந்தன. பையின் பிற்கால மதிப்புகளுக்கு வர்க்கமூலம் கண்டால் கிடைப்பவை வருமாறு:

- பள்ளிகளில் பயன்படும் 22/7: 1.772811
- ஆரியபட்டர் கூறிய 3.1416: 1.772456
- சீனக் கணிதவியலாளர் சூ சோங்சி (5 ஆம் நூற்றாண்டு) கண்ட 355/113: 1.77245393

துல்லியமாக வரைதல் ஏன் இயலாது

கிரேக்கர்கள் இக்கணக்குக்கு ஒரு கட்டுப்பாடு விதித்தனர். அளவுக் குறிகள் இல்லாத நேர்விளிம்பும் கவராயமும் மட்டுமே கொண்டு, முடிவுறு எண்ணிக்கையிலான படிகளில் சதுரத்தை வரைய வேண்டும். இக்கருவிகளால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்து செயல்களை மட்டுமே நீளங்களின்மீது நிகழ்த்த முடியும். எனவே, அலகு நீளத்திலிருந்து தொடங்கி இவற்றால் வரையக்கூடிய நீளங்கள் யாவும் இயற்கணித எண்களாகவே இருக்கும்.

1882 ஆம் ஆண்டில் செருமானியக் கணிதவியலாளர் பெர்டினண்டு லிண்டெமன், பை ஓர் இயற்கணித எண் அன்று, விஞ்சிய எண் என்று நிறுவினார். √பை இயற்கணித எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமாகிய பையும் இயற்கணித எண்ணாக இருக்க வேண்டும். அவ்வாறு இல்லாததால் √பையும் விஞ்சிய எண்ணே ஆகும். ஆகவே, வட்டத்துக்கு முற்றிலும் சமமான சதுரத்தை இக்கருவிகளால் வரைய இயலாது. "எவ்வளவு நெருங்கலாம்" என்பது மட்டுமே எஞ்சிய கேள்வி ஆயிற்று.

இராமானுசனின் வரைமுறை (1913)

ஈரோட்டில் 1887 இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன், 1912 இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் "வட்டத்தைச் சதுரமாக்கல்" என்ற பொருளுடைய தலைப்பில் மிகச் சிறிய குறிப்பு ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 355/113 இன் வர்க்கமூலத்தை வடிவியல் முறையில் வரைந்து காட்டுவதே அதன் சாரம்.

வரைமுறை பின்வருமாறு (இரு புள்ளிகளை இணைக்கும் கோடு ப-ர என்பதுபோல் குறிக்கப்படுகிறது):

1. ஒ வட்டத்தின் மையம். ப-ர அதன் விட்டம். ப-ஒ இன் நடுப்புள்ளியை அ எனக் கொள்க. ஒ-ர ஐ மூன்று சம பாகங்களாக்கி, ர இன் அருகிலுள்ள பிரிபுள்ளியை ட எனக் கொள்க.
2. ட இல் விட்டத்துக்குச் செங்குத்து வரைக. அது வட்டத்தைச் சந்திக்கும் இடம் க. ட-க நீளத்துக்குச் சமமாக ர-ச என்ற நாணை வரைந்து, ப-ச ஐ இணைக்க.
3. ஒ, ட ஆகியவற்றின் வழியே ர-ச க்கு இணைகோடுகள் வரைக. அவை ப-ச ஐ முறையே ம, ந என்ற புள்ளிகளில் சந்திக்கும்.
4. ப-ம நீளத்துக்குச் சமமாக ப-வ என்ற நாணை வரைக. ப இல் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்து, அதில் ம-ந நீளத்துக்குச் சமமாக ப-ல ஐக் குறிக்க.
5. ர-ல, ர-வ, வ-ல ஆகியவற்றை இணைக்க. ர-வ இன்மீது ர-அ நீளத்துக்குச் சமமாக ர-ய ஐ வெட்டுக.
6. ய இன் வழியே வ-ல க்கு இணையாக வரையும் கோடு ர-ல ஐ த இல் சந்திக்கும். ர-த வே தேவையான சதுரத்தின் பக்கம் ஆகும்.

இதன் நிறுவலுக்குப் பித்தாகரசு தேற்றமும் வடிவொத்த முக்கோணங்களும் போதும். விட்டத்தை 1 எனக் கொண்டால், ர-ச இன் வர்க்கம் 5/36. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் ஆதலால் ப-ச இன் வர்க்கம் 31/36. ப-ம இதில் பாதி. ம-ந இதில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ப-வ இன் வர்க்கம் 31/144, ப-ல இன் வர்க்கம் 31/324. இவற்றிலிருந்து ர-வ இன் வர்க்கம் 113/144 எனவும், ர-ல இன் வர்க்கம் 355/324 எனவும் கிடைக்கும். ர-ய இன் நீளம் 3/4. இணைகோட்டினால் உண்டாகும் விகிதத்தைப் பயன்படுத்தினால், ர-த = (1/2) × √(355/113). அதாவது ஆரத்தின் √(355/113) மடங்கு.

துல்லியம்

வட்டத்தின் பரப்பளவு 1,40,000 சதுர மைல்களாக இருந்தால், வரைந்து பெறும் பக்கம் உண்மையான பக்கத்தைவிட ஏறத்தாழ ஓர் அங்குலமே மிகுதியாக இருக்கும் என்று இராமானுசன் குறிப்பிட்டார். இப்பரப்பு தமிழ்நாட்டின் பரப்பளவைப் போல் சுமார் 2.8 மடங்கு ஆகும். 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தின் பரப்பளவு சுமார் 2,900 சதுர கிலோமீட்டர். அதே பரப்பளவுள்ள ஒரு வட்டத்தை இம்முறையில் சதுரமாக்கினால், ஏறத்தாழ 54 கிலோமீட்டர் நீளமுள்ள பக்கத்தில் பிழை சுமார் 2.3 மில்லிமீட்டர் மட்டுமே. தாளில் வரையும்போது பென்சில் கோட்டின் தடிமனே இப்பிழையைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கும்.

இராமானுசன் வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டார், அதனால் லிண்டெமனின் முடிவு பொய்த்துவிட்டது என்று கருதுவது தவறாகும். சதுரம் வட்டத்துக்குத் தோராயமாகவே சமம் என்று அக்குறிப்பிலேயே அவர் கூறியுள்ளார். இயலாது என நிறுவப்பட்டது முழுத் துல்லியம் மட்டுமே. தோராயத்துக்கு எல்லை எதுவும் இல்லை.

1914 இல் வெளியான மற்றொரு கட்டுரையில் அவரே இதைவிட நெருக்கமான ஒரு மதிப்பைத் தந்தார். 2143/22 இன் நான்காம் மூலம் 3.1415926525 ஆகும்; இது எட்டு தசம இடங்கள் வரை பையுடன் ஒத்துப்போகிறது. அதே கட்டுரையில் உள்ள விரைவாகக் குவியும் தொடர்களில் ஒன்றைக் கொண்டு, 1985 இல் பில் காசுப்பர் பையை 1.7 கோடி இலக்கங்களுக்கு மேல் கணித்தார்.

பிற இடங்களில்

√பை வடிவியலுக்கு வெளியேயும் தோன்றுகிறது.

- காமா சார்பின் மதிப்பு 1/2 என்னும் இடத்தில் √பை ஆகும்.
- புள்ளியியலில் இயல்நிலைப் பரவலைக் குறிக்கும் மணி வடிவ வளைகோட்டின் சூத்திரத்தில் இது இடம்பெறுகிறது.
- சீரான நாணயம் ஒன்றை 100 முறை சுண்டும்போது சரியாக 50 முறை தலை விழுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 1/√(50 × பை), அதாவது சுமார் 8 விழுக்காடு ஆகும். வட்டம் எதுவும் இல்லாத இக்கணக்கிலும் பை வருவது கவனிக்கத்தக்கது.