மோதிரத்துக்குள் நுழைந்த சால்வை

ஆள் உயர அகலமுள்ள ஒரு கம்பளிச் சால்வை, திருமண மோதிரத்துக்குள் நுழைந்து மறுபுறம் வெளிவரும் என்றால் நம்புவீர்களா? ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தில், சிறப்பாக அன்ஸ்ட் தீவில், 19ஆம் நூற்றாண்டுப் பெண்கள் அத்தகைய சால்வைகளைப் பின்னினார்கள்.

அதற்குப் பின்னிருந்த உழைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆட்டின் கழுத்திலுள்ள மிக மென்மையான உரோமத்தைக் கத்தரிக்காமல் கையாலேயே பறித்தெடுப்பார்கள். அதை ராட்டையில் மெல்லிய இழைகளாக நூற்று, இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்குவார்கள். முதலில் ஓரப் பின்னல், அதிலிருந்து கண்ணிகளை எடுத்து, உள்நோக்கிக் கரைகள், கடைசியில் நடுச்சதுரம். அலை, பெரணி இலை, பறவையின் கண் முதலிய வடிவங்கள் ஏட்டில் இல்லை. தாயின் கையைப் பார்த்து மகள் மனத்தில் பதித்துக்கொண்டவை. பின்னி முடித்த சால்வையைக் கழுவி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்துவார்கள். அப்போதுதான் அதன் வடிவம் முழுமையாக விரியும்.

1851ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஷெட்லாந்துப் பின்னல்களும் இடம்பெற்றன. செல்வச் சீமாட்டிகள் அவற்றை விரும்பி அணிந்தார்கள். ஆனால் பின்னியவளின் கைக்கு வந்தது என்ன? பெரும்பாலும் பணம் அன்று. வணிகரின் கடையிலிருந்த தேயிலையும் துணியும்தான். வீட்டில் மாவு இல்லாதவள், அந்தத் தேயிலையை அண்டை அயலாரிடம் கொடுத்து மாவு வாங்க வேண்டியிருந்தது. தேயிலையைக் கொண்டு வாடகை செலுத்த முடியுமா?

1872ஆம் ஆண்டு, இம்முறையை விசாரிக்க அரசு அனுப்பிய ஆணையர் வில்லியம் கத்ரி, லெர்விக் நகரிலும் பிற இடங்களிலும் சாட்சியம் கேட்டார். தாம் கடன்பட்டிருந்த வணிகர்களைப் பற்றியே அப்பெண்கள் வாய்திறந்து பேசினார்கள். 1887ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டிலிருந்து பின்னி விற்பவர்களையும் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. பழைய வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. எனினும் பணமாகக் கூலி கேட்பது அவர்களுடைய உரிமையாயிற்று.

சால்வையில் பின்னியவளின் பெயர் இல்லை. விசாரணைப் பதிவிலோ, அவளுடைய பெயரும், அவள் பெற்ற விலையும், அவள் சொன்ன விடையும் அச்சாகி நிற்கின்றன. ஆகவே அன்பர்களே, கைவேலைப்பாட்டைக் கண்டு வியக்கும்போது, அதைச் செய்த கைக்குச் சேர்ந்தது எவ்வளவு என்றும் கேளுங்கள். அக்கேள்வி இல்லாத பாராட்டு அவள் வீட்டு அடுப்பை எரிக்காது.